பன்னிரண்டாவது குறியீடு

கோச்சடை, மதுரை
3 பிப்ரவரி 2025

கண்ணண்ணே,

மேலே 'அன்புள்ள' என்று எழுதி அடித்திருப்பது தெரிகிறதா? தெரியட்டும். வேறு தாள் எடுக்க எனக்கு மனமில்லை.

உங்கள் நம்பரைத் தடுத்து வைத்தது நான்தான். மின்னஞ்சல் அனுப்பினால் உங்கள் புதுக் கம்பெனியின் வக்கீல் முதலில் படிப்பார், நீங்கள் அப்புறம் படிப்பீர்கள். அதனால் பதிவுத் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கினால் வரவில்லை என்று சொல்ல முடியாது பாருங்கள்.

போன வியாழக்கிழமை பழங்காநத்தம் ஆபீசில் என்னை நாற்காலியைக் காலி செய்யச் சொன்னார்கள். விசாரணை முடியும்வரை வர வேண்டாமாம். விசாரணைக்குத் தலைவர் இன்பசேகரன் சார். முதலாளியின் மாமனார், தாவரவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். "எனக்கு வெளங்குற மாதிரி எழுதிக் குடும்மா"ன்னு கேட்டார். எழுதிக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறேன். பெங்களூரு போன பிறகு உங்களுக்கு மறதி வந்துவிட்டதாகக் கேள்வி.

வானத்தில் இருந்து வரும் செய்தி வழியில் கெட்டுப்போகும். திருத்திக்கொள்ள வசதியாக, அனுப்பும்போதே ஒரு விதிப்படி சில பிட்டுகளை, அதாவது சுழியங்களையும் ஒன்றுகளையும், கூடுதலாகச் சேர்த்து அனுப்புவார்கள். அந்த விதிக்குக் குறியீடு என்று பெயர். சேர்ப்பது என்கோடர். வாங்குகிற பக்கத்தில் அதே விதியைக் கையில் வைத்துக்கொண்டு கெட்டதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது டீகோடர். ஒவ்வொரு செயற்கைக்கோளும் ஒவ்வொரு விதி வைத்திருக்கிறது. கடலுக்குப் போகிற படகில் பன்னிரண்டு பெட்டி வைக்க முடியாது. அதனால் பன்னிரண்டு விதிக்கும் வளைந்துகொடுக்கும் ஒரே சிப். ஆறு வருஷம் நாம் செய்தது அதைத்தான். வடிவமைத்தது நீங்கள், சோதித்தது நான்.

சோதிக்க ஒரு குறுக்கு வழி உண்டு. முழுக்கச் சுழியமாக ஒரு செய்தி அனுப்புவது. அதற்கு என்கோடரே வேண்டாம், கூடுதல் பிட்டுகளும் சுழியம்தான். ஒரே விதி வைத்திருக்கும் சிப்புக்கு அது பெரும்பாலும் போதும். பன்னிரண்டு விதி வைத்திருப்பதற்குப் போதாது. வெறும் சுழியம் பன்னிரண்டுக்கும் ஒத்துப்போகும். ஐந்தாவது விதியைத் திறக்க வேண்டிய இடத்தில் சிப் எட்டாவதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் சுழியம் சரியாகவே வெளியே வரும். உங்களுக்கு இது தெரியும். எனக்குச் சொல்லிக்கொடுத்ததாக நீங்களே நாலு பேரிடம் பெருமை பேசியிருக்கிறீர்கள். நான்தான் உங்களுக்குச் சொன்னேன் என்பது வேறு விஷயம்.

ஜனவரியில் பாம்பன் பக்கம் நாற்பது படகுகளில் நம் சிப் போட்ட பெட்டி வைத்தார்கள். பன்னிரண்டாவது குறியீட்டுக்கு மாறும்போதெல்லாம் நாற்பதும் குப்பையைக் கக்கின. ஆவணத்தைப் புரட்டினால், சுழியச் சோதனை மட்டும் நடந்திருக்கிறது. 'தேறியது' என்று கம்ப்யூட்டரில் கையெழுத்திட்டவர் பெர்சி ஆரோக்கியம். 2024 ஆகஸ்ட் 21, மாலை நான்கு மணி.

அந்த மாலை நான்கு மணிக்கு நான் எங்கே இருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். 23ஆம் தேதி அப்பா போய்விட்டார். கல்லறைத் தோட்டத்தில் நீங்கள் என்னிடம் ஒரு கடிதம் கொடுத்தீர்கள். "வாயால சொல்ல வரல தாயி, எழுதிட்டேன்" என்றீர்கள். எத்தனையோ பேர் ஆறுதல் சொன்னார்கள். அந்த ஒன்றைத்தான் அப்பாவின் வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். சுழியம் போதும் என்று முடிவு செய்தது நீங்கள், என் பெயரில் கையெழுத்திட்டதும் நீங்கள் என்று இன்பசேகரன் சாருக்கு எழுதுங்கள். என் பெயர் எனக்குத் திரும்பி வர வேண்டும். செத்த சிப்புக்குக் கையெழுத்துப் போட்டவள் என்று தெரிந்தால் இந்தத் தொழிலில் எவரும் என்னை வாசலில் கூட நிறுத்த மாட்டார்கள்.

பெர்சி


பெங்களூரு
12 பிப்ரவரி 2025

தங்கச்சி பெர்சிக்கு,

தபால்காரர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடும்போதே உன் கடிதம்தான் என்று தெரிந்துவிட்டது. அன்னக்கொடி யாரிடமிருந்து என்று கேட்டாள். ஆபீஸ் விஷயம் என்றேன். கட்டிய பெண்டாட்டியிடம் பொய் சொல்ல வைத்துவிட்டாய்.

உன் கோபம் நியாயம்தான். ஆனால் எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டு நீ கையைத் துடைத்துக்கொள்ளவும் முடியாது. சிப் தயாரிக்கிற தொழிற்சாலைக்கு வடிவமைப்பை அனுப்ப ஆகஸ்ட் 21 கடைசி நாள். விட்டால் அடுத்த வாய்ப்பு நான்கு மாதம் கழித்து. முதலாளி தினமும் மூன்று தடவை என் மேஜைக்கு வந்து நின்றார். நீ மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில். முழுச் சோதனைக்காக நீ எழுதிய என்கோடர் 19ஆம் தேதிதான் வந்து சேர்ந்தது. அதை ஓட்டிப் பார்க்க நேரமில்லை. இருந்ததை வைத்து முடித்தேன். என் இடத்தில் நீ இருந்திருந்தால் நீயும் அதைத்தான் செய்திருப்பாய்.

கையெழுத்து விஷயம். பாஸ்வேர்டை நான் திருடவில்லை. "நீங்களே போட்டு முடிச்சிருங்கண்ணே"ன்னு போனில் சொன்னது யார்? பாஸ்வேர்டைப் பகிர்ந்துகொள்வது தவறு என்று கம்பெனி விதியிலேயே இருக்கிறது. அதை நான் எழுதிக்கொடுத்தால் உனக்குத்தான் சங்கடம். யோசித்துப் பார்.

இன்னொன்று. இந்தக் கம்பெனி என்னை எடுத்ததே அந்தச் சிப்பைச் செய்தவன் என்றுதான். நான் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்திருக்கிறேன். ஊரில் தம்பி முத்திருளன் செக்கானூரணி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவனிடமெல்லாம் அண்ணன் சிப் செய்கிறான் என்று சொல்லித் திரிகிறான்.

கொஞ்ச நாள் பொறு. இதெல்லாம் ஆறிப்போகும். ஆறியதும் இங்கேயே உனக்கு ஒரு இடம் பார்க்கிறேன். ஜினோ மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்
கருத்தக்கண்ணன்


கோச்சடை
20 பிப்ரவரி 2025

கண்ணண்ணே,

தங்கச்சி என்று எழுதாதீர்கள். கூடப் பிறந்தவர்கள் எனக்கு யாரும் இல்லை, இதுவரை அது ஒரு குறையாகவும் தெரியவில்லை.

ஆறிப்போகும் என்று எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு ஆறும். நான் இரண்டு இடங்களுக்கு விண்ணப்பித்தேன். ஒரு இடத்தில் பேசிய பெண், சத்யப்ரியா என்று பெயர், நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். கடைசியில், "அந்தப் படகுப் பெட்டி சிப்புல சைன் பண்ணது நீங்கதானா மேடம்?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஜினோ ஒன்றும் கேட்பதில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவிட்டு வந்து, நான் உட்கார்ந்திருக்கிற இடத்தில் காபியை வைத்துவிட்டுப் போகிறார்.

உட்கார்ந்திருந்த நேரத்தில் சும்மா இல்லை. முதல் வருஷம் நாம் வைத்திருந்த பழைய சோதனைப் போர்டு ஞாபகம் இருக்கிறதா, எந்தச் சுற்று எழுதிப்போட்டாலும் அதுவாக மாறிக்கொள்ளுமே? குப்பைக்குப் போக இருந்ததை நான் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். உங்கள் வடிவமைப்புக் கோப்பு என்னிடம் இல்லை. வேண்டியதும் இல்லை. ஆறு வருஷம் அதில் குறை தேடியே பிழைத்தவள் நான், அது உங்களைவிட எனக்குத்தான் அதிகம் தெரியும். குறியீடு மாறும் இடத்தை மட்டும் அப்படியே திரும்ப எழுதினேன். பதினாறு நாள் ஆயிற்று.

கோளாறு அகப்பட்டுவிட்டது. ஒரு குறியீட்டில் இருந்து இன்னொன்றுக்கு மாறும்போது புது விதியின் அட்டவணையை உள்ளே ஏற்ற வேண்டும். பன்னிரண்டாவதின் அட்டவணைதான் எல்லாவற்றிலும் நீளம். அது முழுக்க ஏறி முடிவதற்குள் அடுத்த செய்தி வந்துவிடுகிறது. உங்கள் சிப் காத்திருப்பதில்லை. பாதி புது விதி, மீதிக்குப் பழைய விதியின் வால். அதை வைத்துக்கொண்டு திருத்தத் தொடங்குகிறது. ஏறி முடிந்ததா என்று பார்க்க ஒரு வரி சேர்த்தால் போதும். நானே சேர்த்துவிட்டேன். பன்னிரண்டும் ஓடுகிறது.

இதை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேளுங்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில், இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து எழுதின அதே என்கோடர். அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஓட்டின இரண்டாவது நிமிஷம் திரை சிவப்பாகிவிட்டது.

நேரமில்லை என்றீர்களே. இரண்டு நிமிஷம் அண்ணே. அதைக்கூட என் உழைப்புக்கு நீங்கள் கொடுக்கவில்லை.

பெர்சி


பெங்களூரு
2 மார்ச் 2025

பெர்சி,

இதை எழுதுவதா வேண்டாமா என்று எட்டு நாள் பார்த்தேன். உன் கடைசி வரி என்னை விடவில்லை.

நீ நினைக்கிற மாதிரி இல்லை. ஓட்டினேன். ஆகஸ்ட் 20, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. ஆபீசில் எல்லாரும் கீழே டீ குடிக்கப் போயிருந்தார்கள். உன் என்கோடரை ஒவ்வொரு குறியீடாக மாற்றி மாற்றி ஓட்டினேன். பதினொன்று பச்சை. பன்னிரண்டாவது சிவப்பு.

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதை அப்படியே சொல்லிவிடுகிறேன். என் சிப்பின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. உன் மேல்தான் வந்தது. பாவம், அப்பா அந்த நிலைமையில் கிடக்கும்போது அரை மனதோடு எழுதியிருக்கிறாள், பன்னிரண்டாவதில் எங்கேயோ சறுக்கிவிட்டாள் என்று நினைத்தேன். சுழியத்தில் பன்னிரண்டும் தேறியிருக்கிறதே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். சுழியம் அங்கே எதையும் காட்டாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

போனை எடுத்தேன். உன் பெயர் வரை போனேன். வைத்துவிட்டேன். இந்த நேரத்தில் அவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று சொல்லிக்கொண்டேன். இரக்கம் என்றே பல மாதம் நம்பினேன். இப்போது சொல்கிறேன், அது பயம். "என் பக்கம் சரியா இருக்குண்ணே, ஒங்க பக்கம் பாருங்க" என்று நீ சொல்லிவிடுவாய். சொன்னால் நான் பார்த்தாக வேண்டும். பார்த்தால் 21ஆம் தேதி போய்விடும்.

சிவப்பாக வந்த அறிக்கையை அழித்தேன். மறுநாள் உன் பாஸ்வேர்டைப் போட்டு, சுழிய அறிக்கையை மட்டும் சேர்த்து, தேறியது என்று அனுப்பினேன். நீ என் பெயரில் போடச் சொல்லியிருந்தால் போட்டிருப்பேனா என்று யோசித்தேன். போட்டிருக்க மாட்டேன்.

உன் அப்பா அடக்கத்துக்கு வந்தபோது உன்னிடம் சொல்லத்தான் வாய் திறந்தேன். வரவில்லை. கடிதத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விட்டேன்.

நவம்பரில் இந்த வேலைக்கு வந்ததும் அதனால்தான். சிப் திரும்பி வரும்போது அங்கே இருக்க எனக்குத் தைரியமில்லை.

உன்னிடம் மறைத்தது நெஞ்சில் கல்லாகக் கிடந்தது, இறக்கி வைத்துவிட்டேன். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துவிடு. கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

கண்ணன்


கோச்சடை
8 மார்ச் 2025

அண்ணே,

கிழிக்கவில்லை.

நீங்கள் ஓட்டாமல் விட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவரை உங்கள் மேல் கோபம் மட்டும்தான் இருந்தது. ஓட்டிப் பார்த்து, சிவப்பைக் கண்ணால் கண்டு, அது என் தவறாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். ஆறு வருஷத்தில் என் சோதனை சிவப்பு காட்டிய எந்த இடத்திலாவது உங்கள் பக்கம் சரியாக இருந்ததுண்டா? ஒன்று சொல்லுங்கள்.

கல்லை இறக்கிவிட்டேன் என்கிறீர்கள். இறக்கி என் மடியில் வைத்திருக்கிறீர்கள். இதை நான் தெரிந்துகொள்வதால் எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. தெரிய வேண்டியவர் இன்பசேகரன் சார். 24ஆம் தேதி திங்கட்கிழமை விசாரணை. எனக்கு எழுதினதை அவருக்கு எழுதுங்கள். நான் பாஸ்வேர்டு கொடுத்ததையும் சேர்த்தே எழுதுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. செய்தது செய்ததுதான்.

நீங்களே சொன்னால் அதற்கு ஒரு மரியாதை இருக்கும். அந்த மரியாதையை உங்களுக்கு விட்டுவைக்கிறேன்.

பெர்சி


பெங்களூரு
18 மார்ச் 2025

பெர்சி,

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். இன்பசேகரன் சாருக்கு நேற்று அறிக்கை அனுப்பியாயிற்று. நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். இங்கே வக்கீலிடம் காட்டாமல் அனுப்ப முடியாது. அவர் மூன்று முறை திருத்தினார். கடைசியில் நின்றது இதுதான்:

"மேற்படி திட்டத்தில் கால நெருக்கடியின் காரணமாகச் சோதனை நடைமுறைகளில் சில இடைவெளிகள் ஏற்பட்டிருக்கக்கூடும். குழுவினர் அனைவரும் அர்ப்பணிப்புடன் பணியாற்றினர். எந்தவொரு தனிநபரையும் இதற்குப் பொறுப்பாக்குவது முறையாகாது எனக் கருதுகிறேன்."

உனக்கு எதிராக இதில் ஒரு சொல்லும் இல்லை, கவனித்துப் பார். இதற்கு மேல் என்னால் முடியவில்லை. அன்னக்கொடியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. போதுமா?

அந்த ஒரு வரித் திருத்தத்தை எனக்கு அனுப்ப முடியுமா? ஏப்ரல் பத்தாம் தேதி பழங்காநத்தத்தில் இருந்து சிப்பைத் திரும்பவும் தயாரிப்புக்கு அனுப்புகிறார்கள். வடிவமைத்தவன் என்பதால், இங்கிருந்தே சரிபார்த்துக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

கண்ணன்


கோச்சடை
27 மார்ச் 2025

திரு. கருத்தக்கண்ணன் அவர்களுக்கு,

உங்கள் அறிக்கையைப் பல முறை படித்தேன். முதலாளி படித்தால் அவருக்குச் சரி. உங்கள் புதுக் கம்பெனிக்குச் சரி. படகுக்காரர்களுக்குச் சரி. எனக்கு எதிராகவும் இல்லை என்பதால் எனக்கும் சரியாம். முழுக்கச் சுழியமாக ஒரு செய்தி அனுப்பியிருக்கிறீர்கள். எந்த விதிப்புத்தகத்தை வைத்துப் பார்த்தாலும் தேறிவிடும். உங்களுக்குக் கை வந்த வேலை.

24ஆம் தேதி காலை பதினொரு மணிக்குப் போனேன். மார்ச் 2ஆம் தேதி நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். உங்களுக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. நீங்களும் எனக்குச் சொல்லிவிட்டுச் செய்யவில்லை.

இன்பசேகரன் சார் அறிக்கையை வாய்விட்டுப் படித்தார். அடுத்து நான் கொடுத்த கடிதத்தை வாயசைக்காமல் படித்தார். பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். முதலாளி குறுக்கே வந்து, இது கண்ணன் எழுதியதுதான் என்பதற்கு என்ன நிச்சயம், கையால் யார் வேண்டுமானாலும் எழுதலாமே என்றார். ஆபீசில் தேடினார்கள். ஆறு வருஷத்தில் நீங்கள் கையால் எழுதிய ஒரு துண்டுத் தாள் அங்கே கிடைக்கவில்லை. எல்லாம் கம்ப்யூட்டர். உங்களிடம் போனில் கேட்கலாம் என்றார்கள். இன்பசேகரன் சார், "வேண்டாம். வக்கீல்தான் பேசுவாரு" என்றார்.

என்னிடம் ஒன்று இருந்தது. சாப்பாட்டு நேரத்துக்குள் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். அப்பாவின் வேதாகமத்தைத் திறந்து எடுத்தேன். கல்லறைத் தோட்டத்தில் கொடுத்தீர்களே, அது. ஆட்டோவில் திரும்பிப் போகும்போது படித்தேன். இத்தனை மாதத்தில் அதை இருபது தடவையாவது படித்திருப்பேன். எங்கள் அப்பா உங்களுக்குக் கணக்கு பற்றிச் சொன்னதை நீங்கள் நினைவுகூர்ந்தது, ஒரு மகனாக நிற்பேன் என்றது, எல்லாவற்றுக்கும் அழுதிருக்கிறேன். கடைசியில் ஒரு வரி இருக்கிறது. 'வேலையைப் பற்றிக் கவலைப்படாதே, உன் பங்கையும் நானே பார்த்து முடித்து அனுப்பிவிட்டேன்.' அதற்குத்தான் அதிகமாக அழுதேன். இப்படி ஒரு மனிதர் நமக்கு வாய்த்தாரே என்று.

இன்பசேகரன் சார் சட்டைப் பையில் இருந்து ஒரு சின்ன லென்ஸை எடுத்தார். இலை நரம்பு பார்க்க வைத்திருந்ததாம், பழக்கம் விடவில்லை. இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். அந்த வரிக்கு வந்ததும் லென்ஸைக் கீழே வைத்துவிட்டார். "கையெழுத்த விடும்மா. இந்த ஒரு வரியே போதும்ல" என்றார்.

என் பெயரை நீக்கிவிட்டார்கள். பாஸ்வேர்டு கொடுத்ததற்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். அந்த ஒரு வரித் திருத்தத்தை என் பெயரோடு அவர்களிடமே ஒப்படைத்துவிட்டேன், நீங்கள் அலைய வேண்டியதில்லை. திரும்ப வேலைக்கு வரச் சொன்னார்கள். வரவில்லை என்றேன். உங்கள் கம்பெனிக்கும் தகவல் அனுப்புவார்களாம். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். அன்னக்கொடி முகம்தான் ஞாபகம் வந்தது. அவர்களுக்காக வருத்தப்படுகிறேன். உங்களுக்காக இல்லை.

ஒன்றை மட்டும் உங்களால் எனக்குத் திருப்பித் தர முடியாது. இரண்டு கடிதங்களையும் ஒன்றாகப் பின் அடித்துக் கோப்பில் வைத்துக்கொண்டார்கள். சாட்சியமாம், திரும்பக் கிடைக்காது. நகல் எடுத்துத் தரட்டுமா என்று கிளார்க் கேட்டார். வேண்டாம் என்றேன்.

அன்றைக்கு ஒரே ஒரு போன் செய்திருக்கலாம் அண்ணே. அப்பா தூங்கிக்கொண்டுதான் இருந்தார். நானும் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவின் வேதாகமத்தில் அந்தக் கடிதம் இருந்த பக்கம் இன்னும் கொஞ்சம் விரிந்தே நிற்கிறது. நாளாக நாளாகப் படிந்துவிடும் என்கிறார் ஜினோ.

பெர்சி ஆரோக்கியம்